உள்ளரங்கப் புகைத் தடை பலன் தந்ததா? ஒரு நகரம் எதை அளக்க வேண்டும்?

புதுதில்லி: பொது இடங்களில் புகைபிடிப்பதற்குத் தடை விதிக்கும் சட்டங்கள் இன்று உலகின் பெரும்பாலான பெருநகரங்களில் நடைமுறையில் உள்ளன. இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் உணவகம், அலுவலகம், திரையரங்கு, ரயில் நிலையம் உள்ளிட்ட இடங்களுக்கு இத்தடை முழு வீச்சில் பொருந்துகிறது. நுழைவாயிலில் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டுள்ளது. மீறுவோருக்கு அபராதமும் உண்டு. ஆயினும், அந்தத் தடையால் உள்ளே இருப்பவர் சுவாசிக்கும் காற்று உண்மையில் மாறியதா என்ற கேள்விக்குப் பலகையோ அபராத ரசீதோ விடை தருவதில்லை.

அந்த விடையைத் தேடுவதற்கு முறையான வழிகள் உள்ளன. கடந்த 25 ஆண்டுகளில் பல நகரங்கள் அவ்வழிகளைக் கையாண்டுள்ளன. அவற்றின் முடிவுகளுள் சில உறுதியானவை, சில மிகைப்படுத்தப்பட்டவை, சில எதிர்பாராதவை. எந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், இந்திய நகரங்கள் அவற்றிலிருந்து என்ன கற்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தடையின் நோக்கம் என்ன?

உள்ளரங்கப் புகைத் தடையின் முதன்மை நோக்கம் புகைபிடிப்பவரைத் தண்டிப்பதன்று, புகைபிடிக்காதவரைப் பாதுகாப்பதே. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அத்தகைய புகைக்குத் தொடர்ந்து ஆளாகும் புகைபிடிக்காதவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் வரையிலும், நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் வரையிலும் கூடுவதாக அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. ஆபத்தற்ற அளவு என்று எதுவும் இல்லை என்பதும் அவ்வறிக்கையின் முடிவாகும்.

இதில் மிக அதிகமாகப் பாதிக்கப்படுவோர் வாடிக்கையாளர்கள் அல்லர். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் அமர்ந்து சென்றுவிடுவார். மேசைக்கு உணவு கொண்டுவருபவரும், மதுக்கூடத்தில் கோப்பை கழுவுபவரும், காசாளரும் ஒவ்வொரு நாளும் 8 அல்லது 10 மணி நேரம் அதே காற்றில் இருக்கின்றனர். ஆகவே ஒரு தடையை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தொழிலாளர்களின் நிலையைத்தான்.

நியூயார்க்கின் ஓராண்டு அறிக்கை

இவ்வகை மதிப்பீட்டில் அதிகம் பேசப்பட்ட நகரம் நியூயார்க். அங்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலான பணியிடங்களிலும், 35-க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட உணவகங்களின் உணவுக் கூடங்களிலும் புகையைத் தடை செய்திருந்தது. சிறிய உணவகங்களும் மதுக்கூடங்களும் விலக்குப் பெற்றிருந்தன. மேயர் மைக்கேல் புளூம்பெர்க், நகரச் சுகாதார ஆணையர் தாமஸ் பிரீடன் ஆகியோரின் முயற்சியால் 2002-இல் நிறைவேற்றப்பட்ட புதிய சட்டம், 2003 மார்ச் 30 முதல் மதுக்கூடங்கள் உள்ளிட்ட ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களையும் தடைக்குள் கொண்டுவந்தது. 2003 ஜூலை 24 முதல் மாநிலம் முழுவதற்குமான சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

ஓராண்டு நிறைவில், 2004 மார்ச்சில் நகர நிர்வாகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. சோதனையிடப்பட்ட உணவகங்கள், மதுக்கூடங்களில் 97 சதவீதம் புகையின்றி இருந்தன. அவற்றின் வணிக வரி வருவாய் 8.7 சதவீதம் உயர்ந்தது. வேலைவாய்ப்பு சுமார் 10,600 கூடியது. பணியிடத்தில் புகைக்கு ஆளாவோர் எண்ணிக்கை 1,50,000 குறைந்தது என்று அவ்வறிக்கை தெரிவித்தது. ஒரே அறிக்கையில் இடம்பெற்ற இந்த எண்கள் ஒரே தரத்திலான சான்றுகள் அல்ல. அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

உறுதியான சான்று: காற்றும் உமிழ்நீரும்

நிகோட்டின் உடலுக்குள் சென்றதும் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. ரத்தம், உமிழ்நீர், சிறுநீர் ஆகியவற்றில் இதை அளக்கலாம். சுமார் 16 முதல் 20 மணி நேரத்தில் இதன் அளவு பாதியாகக் குறைவதால், கடந்த சில நாட்களில் ஒருவர் எவ்வளவு புகைக்கு ஆளானார் என்பதை இது காட்டிவிடும். கேள்வித்தாளில் ஒருவர் தவறாகப் பதிலளிக்கலாம். உமிழ்நீர் அவ்வாறு தவறாது.

நியூயார்க்கில் தடைக்குப் பின் உணவகங்கள், மதுக்கூடங்களில் பணியாற்றிய, புகைபிடிக்காத ஊழியர்களின் கோட்டினின் அளவு 85 சதவீதம் குறைந்ததாக அந்த அறிக்கை பதிவு செய்தது. மாநிலச் சட்டம் வந்தபோது நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 20 இடங்களில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் காற்று அளக்கப்பட்டது. சுவாசப்பாதையில் ஆழமாகச் செல்லும் நுண்துகள்கள் சுமார் 84 சதவீதம் குறைந்திருந்தன. வெவ்வேறு குழுவினர், வெவ்வேறு கருவிகள். ஆனால் முடிவு ஏறத்தாழ ஒன்றே. அதனாலேயே இச்சான்று வலுவானதாகிறது.

இந்த மாற்றம் உடல்நலத்தில் எவ்வளவு விரைவில் தெரியும் என்பதற்குச் சான் பிரான்சிஸ்கோ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1998 ஜனவரி 1 முதல் கலிபோர்னியா மாநில மதுக்கூடங்களில் புகை தடை செய்யப்பட்டது. அந்நகரில் மதுக்கூட ஊழியர் 53 பேரைத் தடைக்கு முன்னும் பின்னும் மருத்துவர்கள் பரிசோதித்தனர். தடைக்கு முன் 39 பேருக்கு இருமல், மூச்சிரைப்பு, சளி போன்ற சுவாசத் தொல்லைகள் இருந்தன. தடைக்குப் பின் ஓரிரு மாதங்களிலேயே அவர்களுள் 23 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, அத்தொல்லைகள் நீங்கியிருந்தன. குழு சிறியதே. எனினும், அதே நபர்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டதால் முடிவு நம்பகமானது.

எதிர்பாராத முடிவு

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2004-இல் நகரவாசிகளின் ரத்த மாதிரிகளைக் கொண்டு விரிவான ஆய்வொன்றை நடத்தியது. தடை வந்து ஓராண்டு கடந்திருந்த நிலையில், புகைபிடிக்காத வயது வந்தோருள் 56.7 சதவீதத்தினரின் ரத்தத்தில் பிறர் விட்ட புகையின் தடயம் காணப்பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட தேசிய அளவிலான விகிதம் 44.9 சதவீதம் மட்டுமே. புகைபிடிப்போர் விகிதம் நாட்டின் சராசரியைவிட நகரில் குறைவாக இருந்தும் இந்த நிலை.

அப்படியானால் தடை தோற்றதா? இல்லை. மதுக்கூட ஊழியரின் உமிழ்நீரில் அளவு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் நகரில் அடுத்த வீட்டுப் புகை, படிக்கட்டுப் புகை, நடைபாதைப் புகை ஆகியவை பணியிடத் தடைக்கு அப்பாற்பட்டவை. பணியிடத்துக்கான சட்டம் பணியிடத்தையே சுத்தம் செய்யும். நகரத்தில் உள்ள ஒவ்வொருவரின் ரத்தத்தையும் அதனால் சுத்தம் செய்துவிட முடியாது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. தடைக்கு முன் இதே போன்ற ரத்தப் பரிசோதனை நகரில் நடத்தப்படவில்லை. எனவே 56.7 என்பது முந்தைய நிலையிலிருந்து இறங்கிய எண்ணா, இல்லையா என்று உறுதியாகக் கூற வழியில்லாமற்போனது. 2013-14-இல் ஆய்வு மீண்டும் நடத்தப்பட்டபோது விகிதம் 37.1 சதவீதமாகக் குறைந்திருந்தது. முதல் அளவீடு கையில் இருந்ததால்தான் இந்த இறக்கத்தையேனும் காண முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், 2011 மே மாதம் பூங்காக்கள், கடற்கரைகளுக்கும் நகரம் தடையை விரிவுபடுத்தியிருந்தது. பின்னர் 2018 முதல், அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்கள் புகைக் கொள்கையைக் குடியிருப்போருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

வியாபாரம் நசிந்ததா?

தடை பற்றிய பேச்சு எழும் ஒவ்வோர் ஊரிலும் உணவக, மதுக்கூட உரிமையாளர்களின் முதல் அச்சம் வருவாய் இழப்பே. நியூயார்க்கில் வரி வருவாய் 8.7 சதவீதம் உயர்ந்தது என்பதை அந்த அச்சத்துக்கான பதிலாகப் பலர் மேற்கோள் காட்டுவர்.

இங்குச் சற்று நிதானம் தேவை. ஒப்பிடப்பட்ட முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் பாதிப்பிலிருந்து நகரம் முழுமையாக மீளாத காலம். பொருளாதாரம் தானாகவே மீண்டுவந்த நேரத்தில் தடையும் வந்தது. எனவே உயர்வு தடையால் நேர்ந்தது என்று கூற இயலாது. 'தடை வந்த பின்னரும் வியாபாரம் வளர்ந்தது. பெரும் சரிவு என்ற கணிப்பு பலிக்கவில்லை' என்பது மட்டுமே அந்த எண்ணிலிருந்து பெறக்கூடிய நேர்மையான முடிவு. கொள்கை வகுப்போருக்கு அந்த முடிவே போதுமானது.

புகைபிடிப்போர் எண்ணிக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நியூயார்க்கில் புகைபிடிக்கும் வயது வந்தோர் 2002-இல் 21.6 சதவீதமாகவும், 2003-இல் 19.2 சதவீதமாகவும் இருந்தனர். ஆனால் 2002 ஜூலையில் ஒரு சிகரெட் பெட்டிக்கான நகர வரி 8 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலராக உயர்த்தப்பட்டிருந்தது. 2003-இல் சுமார் 34,000 பேருக்குப் புகையைக் கைவிட உதவும் நிகோட்டின் ஒட்டுப்பட்டைகள் இலவசமாக வழங்கப்பட்டன. வரி, தடை, சிகிச்சை ஆகிய மூன்றும் ஒன்றாகச் செயல்பட்ட இடத்தில் பலன் முழுவதையும் தடையின் கணக்கில் மட்டும் வரவு வைக்க முடியாது.

மாரடைப்புக் கணக்கு

புகைத் தடை குறித்த செய்திகளில் பெரிதும் கவனம் ஈர்த்தது மாரடைப்பு பற்றிய தகவல்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள சிறு நகரமான ஹெலினாவில் 2002 ஜூன் முதல் ஆறு மாதங்கள் புகைத் தடை நடைமுறையில் இருந்தது. பின்னர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதங்களில் சராசரியாக 40 பேர் மாரடைப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிலையில், தடைக் காலத்தில் அந்த எண்ணிக்கை 24 ஆக இருந்தது. 40 சதவீதச் சரிவு என்று உலகெங்கும் தலைப்புச் செய்திகள் வந்தன.

40 என்பதும் 24 என்பதும் சிறிய எண்கள். சிறிய ஊரில் எந்தக் காரணமும் இன்றியே ஓர் ஆண்டு கூடவும் மறு ஆண்டு குறையவும் வாய்ப்புண்டு. அமெரிக்கா முழுவதற்குமான மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு பின்னர் நடந்த பொருளியல் ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. சிறு பகுதிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், தடைக்குப் பின் மாரடைப்பு பெருமளவு குறைந்த இடங்களைப் போலவே பெருமளவு கூடிய இடங்களும் இருந்தன.

மக்கள்தொகை பெரிதாகப் பெரிதாக, பலனின் அளவு சிறியதாகிறது. நியூயார்க் மாநிலத்தில் 2004-இல் மாரடைப்புச் சேர்க்கைகள் 8 சதவீதம், அதாவது 3,813 குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. பக்கவாதச் சேர்க்கைகளில் மாற்றம் காணப்படவில்லை. இங்கிலாந்தில் 2007 ஜூலையில் வந்த தடைக்குப் பின் முதல் ஆண்டில் சரிவு 2.4 சதவீதம் மட்டுமே. எனினும் எண்ணிக்கையில் அது சுமார் 1,200 சேர்க்கைகள். தடைக்கு முன்பே அங்குப் பல பணியிடங்கள் புகையற்றவையாக இருந்ததும் இந்தச் சிறிய விகிதத்துக்கு ஒரு காரணம்.

ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு வேறு வகையில் முக்கியமானது. 2006 மார்ச் 26-இல் அங்குத் தடை வந்தது. அப்போது இங்கிலாந்தில் தடை இல்லை. எனவே இங்கிலாந்து இயல்பாகவே ஒப்பீட்டுப் பகுதியாக அமைந்தது. ஸ்காட்லாந்தில் இதய நெருக்கடிக்கான சேர்க்கை 17 சதவீதம் குறைந்தபோது, இங்கிலாந்தில் 4 சதவீதம் மட்டுமே குறைந்தது. ஸ்காட்லாந்தில் குறைந்த சேர்க்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு புகைபிடிக்காதவர்களுடையவை. யாரைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டதோ அவர்களுக்கே பலன் சேர்ந்ததை இது உணர்த்துகிறது.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் அதுவரை வந்த முக்கிய ஆய்வுகளைப் பரிசீலித்தது. அவற்றில் கூறப்பட்ட சரிவு 6 சதவீதம் முதல் 47 சதவீதம் வரை வேறுபட்டது. புகைத் தடைக்கும் மாரடைப்புக் குறைவுக்கும் காரணத் தொடர்பு உண்டு என்று ஏற்ற கழகம், அது எவ்வளவு என்று ஒற்றை எண்ணைச் சொல்ல மறுத்துவிட்டது. இன்றளவும் பின்பற்றத்தக்க நிலைப்பாடு அதுவே.

புகை வீட்டுக்குள் செல்லுமா?

வெளியே தடுத்தால் புகைபிடிப்பவர் வீட்டுக்குள் புகைப்பார். குழந்தைகளே பாதிக்கப்படுவர் என்ற ஐயம் நியாயமானது. அமெரிக்கத் தரவுகளைக் கொண்ட ஓர் ஆய்வும் இதை எழுப்பியது. ஆனால் ஸ்காட்லாந்தில் தொடக்கப்பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களின் உமிழ்நீரைத் தடைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தபோது கோட்டினின் சராசரி 39 சதவீதம் குறைந்திருந்தது. வெளியில் புகைக்காமல் இருக்கும் பழக்கம் வீட்டையும் தொட்டது என்பதே அங்குக் கிடைத்த சான்று.

இந்தியாவின் நிலை என்ன?

இந்தியாவில் இத்தடையின் வரலாறு நீதிமன்றங்களுடன் பிணைந்தது. பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலையில் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2-இல் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், பொதுப் போக்குவரத்து உள்ளிட்ட இடங்களில் புகையைத் தடை செய்ய உத்தரவிட்டது. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-இல் நிறைவேறியது. 2007 ஜூலையில் சண்டிகர் நாட்டின் முதல் புகையற்ற நகரமாக அறிவிக்கப்பட்டது.

சட்டத்தின் 4-ஆவது பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. எனினும் 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரக்கூடிய உணவகங்கள், விமான நிலையங்கள் ஆகியவை புகைப்பதற்கெனத் தனி இடம் ஒதுக்கலாம். நியூயார்க்கின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சிறிய உணவகங்களுக்கு விலக்களித்தது. இந்தியச் சட்டம் பெரிய உணவகங்களுக்கு விலக்களிக்கிறது. அந்தத் தனி இடத்தில் உணவோ பானமோ பரிமாறக் கூடாது என்று 2017-இல் விதி திருத்தப்பட்டது. ஊழியர் பாதுகாப்பு நோக்கில் இது முக்கியமான திருத்தம். ஆனால் காற்றோட்ட வசதியோ தனி அறையோ முழுப் பாதுகாப்பு தராது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்கான வழிகாட்டுதல். அந்த உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்டது.

பலன் எவ்வளவு? உலக வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2009-10-லும், 2016-17-லும் நடத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புகைபிடிப்போர் விகிதம் 14 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதமாகக் குறைந்தது. வீட்டில் புகைக்கு ஆளாவோர் 52.3 சதவீதத்திலிருந்து 38.7 சதவீதமாகக் குறைந்தனர். ஆனால் உள்ளரங்கப் பணியிடத்தில் புகைக்கு ஆளாவோர் முன்பு 29.9 சதவீதம், பின்பு 30.2 சதவீதம்.

இந்த எண்கள் சிந்திக்கத்தக்கவை. சட்டம் எட்டாத வீட்டில் புகை குறைந்தது. சட்டம் நேரடியாகத் தடுத்த பணியிடத்தில் அது அப்படியே நின்றது. புகைபிடிப்போர் எண்ணிக்கை குறைந்தும் பணியிட நிலை மாறவில்லை என்றால், சட்டத்தைக் காட்டிலும் அமலாக்கத்தில்தான் குறையைத் தேட வேண்டும்.

இந்திய நகரங்கள் எதை அளக்கலாம்?

வசூலான அபராதத் தொகையை வெற்றியின் அளவுகோலாகக் கொள்வது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அபராதம் கூடினால் மீறல் கூடியது என்றும் பொருள் கொள்ளலாம். சோதனை கூடியது என்றும் பொருள் கொள்ளலாம். அபராதம் குறைந்தால் புகை குறைந்திருக்கலாம். சோதனை நின்றும் போயிருக்கலாம்.

வெளிநாட்டு முறைகளை அப்படியே கொண்டுவருவதிலும் இடர்ப்பாடு உண்டு. இந்தியாவில் வயது வந்தோரில் 21.4 சதவீதத்தினர் மெல்லும் புகையிலை போன்ற புகையற்ற வகைகளைப் பயன்படுத்துகின்றனர். அவர்களின் உடலிலும் கோட்டினின் இருக்கும். எனவே குட்கா, ஜர்தா போன்றவற்றைப் பயன்படுத்தாத ஊழியர்களை மட்டுமே கோட்டினின் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுண்துகள் அளவீட்டிலும் சிக்கல் உள்ளது. குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களின் வெளிக்காற்றே மாசடைந்திருக்கும். தந்தூர் அடுப்பு, ஊதுவத்தி ஆகியவற்றின் புகையும் கருவியில் பதிவாகும். ஆகவே காற்றில் கலந்துள்ள நிகோட்டினை நேரடியாக அளக்கும் சிறு வடிகட்டிக் கருவிகளே இங்குப் பொருத்தமானவை. நிகோட்டின் அடுப்பிலிருந்து வருவதில்லை.

நகர நிர்வாகம் ஒன்று தனது தடையை மதிப்பிட விரும்பினால் செய்ய வேண்டியவை சிலவே. அமலாக்கத்தைத் தீவிரப்படுத்துவதற்கு முன்பே உணவகங்கள், மதுக்கூடங்கள், அலுவலகங்கள் சிலவற்றில் காற்றில் உள்ள நிகோட்டினை அளந்து பதிவு செய்ய வேண்டும். அவற்றில் பணியாற்றும் ஊழியர்களை விசாரித்து, அவர்களின் ஒப்புதலுடன் உமிழ்நீர் மாதிரி எடுக்க வேண்டும். அதே இடங்களில் அதே நபர்களிடம் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மீண்டும் அளக்க வேண்டும். அமலாக்கம் மாறாத அண்டை நகரம் ஒன்றிலும் இதே அளவீட்டைச் செய்ய வேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் அதைப் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

மாரடைப்பு எத்தனை சதவீதம் குறைந்தது என்ற கேள்விக்கு ஒரு நகரம் தனித்து விடை காண்பது அரிது. புகை நிரம்பிய கூடத்தில் நாள் முழுவதும் நின்று பணிபுரியும் ஊழியர் சுவாசிக்கும் காற்று சுத்தமாகிவிட்டதா என்ற கேள்விக்கு ஓராண்டில், பெரும் செலவின்றி விடை காணலாம். பணியிடத்தில் பத்தில் மூன்று பேர் இன்னமும் பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாகக் கணக்கெடுப்பு கூறிய நாட்டில், முதலில் விடை காண வேண்டிய கேள்வியும் அதுவே.